புதைத்து விட்டால் போதுமா?

உரம் போட்ட மறுநாள் பேய்மழை கொட்டினால் தோட்டத்துக் கங்காணியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாது. மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து மரத்தடியில் வீசிய யூரியா தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனால் பொஸ்பேட் உரம் அப்படிப் போவதில்லை. செம்மண்ணை இறுகப் பிடித்துக்கொண்டு போட்ட இடத்திலேயே கிடக்கும். ஒரே மண், ஒரே மழை. ஒன்று ஓடிவிடுகிறது, மற்றொன்று உட்கார்ந்துவிடுகிறது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. இதையே அணுக் கழிவுக்குப் பொருத்திப் பாருங்கள். கதிரியக்கக் கழிவை மண்ணில் புதைக்கிறார்கள். மேலே மழை பெய்கிறது. கீழே நிலத்தடி நீர் இருக்கிறது. நடுவில் உள்ள மண்ணுக்குள் எது ஓடும், எது உட்காரும்? ஓடுவது எத்தனை நாளில் கிணற்றைத் தொடும்? மெத்தப் படித்த விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து வரும் கேள்வி இது. நம் நாட்டில் இதை உரக்கக் கேட்டவர்களோ விஞ்ஞானிகள் அல்லர். ஈப்போவுக்குப் பக்கத்தில் வீடு வாசலோடு குடியிருந்த சாதாரண ஜனங்கள்.

ஈயத்தோடு வந்த கறுப்பு மணல்

கோலாலம்பூரை ஊராக்கியது ஈயம். பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்கை உலகம் அறியச் செய்ததும் அதே ஈயம்தான். மணலை அலசி ஈயத்தைப் பிரித்தெடுத்த பிறகு கனமான கறுப்பு மணல் ஒன்று மிஞ்சும். அதற்கு ‘ஆமாங்’ என்று பெயர். வெகு காலம் அது வேண்டாத பொருளாகவே மூலையில் கொட்டிக் கிடந்தது. அந்த ஆமாங்குக்குள் மோனசைட் என்ற தாது உண்டு. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் இதே மோனசைட்தான்.

மோனசைட்டில் ‘அரிய மண்’ என்று சொல்லப்படும் உலோகங்கள் இருக்கின்றன. வண்ணத் தொலைக்காட்சியில் சிவப்பு நிறம் பளிச்சென்று தெரிந்ததற்கு இவற்றில் சிலதான் காரணம். ஆனால் அரிய மண் தனியாக வருவதில்லை. தோரியத்தையும் கையோடு கூட்டி வருகிறது. தோரியம் கதிரியக்கம் உள்ளது. அதன் வீரியம் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். நம் பூமியின் வயதே சுமார் 450 கோடி ஆண்டுகள்தான்!

1979இல் ஏசியன் ரேர் எர்த் என்ற கம்பெனி உருவாயிற்று. ஜப்பானிய மிட்சுபிஷியும் உள்நாட்டு பெ மினரல்ஸ் நிறுவனமும் ஆளுக்கு 35 விழுக்காடு பங்கு வைத்திருந்தன. தாபோங் ஹாஜிக்கும் அதில் பங்கு உண்டு. 1982இல் ஈப்போவை அடுத்த லஹாட் பக்கம், புக்கிட் மேரா புதுக்கிராமத்துக்கு அருகில் ஆலை ஓடத் தொடங்கியது. அரிய மண் கப்பலேறியது. தோரியக் கழிவு இங்கேயே தங்கிவிட்டது. பிற்காலத்தில் அணு எரிபொருளாகப் பயன்படலாம் என்ற எண்ணமும் அப்போது இருந்தது. அதுவரை எங்கே வைப்பது?

பாப்பான் என்ற சிறிய ஊர்ப்புறத்தில் நீண்ட பள்ளங்கள் வெட்டத் தொடங்கினார்கள். (ஜப்பானியர் காலத்தில் காயம்பட்ட போராளிகளுக்கு வைத்தியம் பார்த்து, சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசு அம்மையார் வாழ்ந்த அதே பாப்பான்தான்.) விஷயம் வெளியே கசிந்ததும் ஊர் திரண்டது. 1984 மே 31ஆம் தேதி பாப்பானையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த 6,700 பேர் கையெழுத்திட்டுப் பிரதமருக்கும் பேராக் மந்திரி பெசாருக்கும் ஆட்சேபம் தெரிவித்தார்கள். சாலையை மறித்தார்கள். ‘பயப்பட ஒன்றுமில்லை, எல்லாப் பாதுகாப்பும் உண்டு’ என்பதே அரசாங்கத் தரப்பின் பதில்.

அந்த மக்கள் பயந்தது நியாயம்தானா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

கிணறு வெட்டினால் தெரியும்

கிணறு வெட்டும் இடத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். மேல்மண் ஈரமாக இருக்கும். கையில் பிடித்தால் உருண்டையாகும். ஆனால் பள்ளத்தில் தண்ணீர் தேங்காது. இன்னும் தோண்டிக்கொண்டே போனால் ஓர் ஆழத்தில் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் கசிந்து தேங்கத் தொடங்கும். அதுதான் நிலத்தடி நீரின் மட்டம். அதற்குக் கீழே மண் துகள்களுக்கு இடையே உள்ள சந்துபொந்தெல்லாம் தண்ணீர் மயம். அதற்கு மேலே பாதிச் சந்தில் தண்ணீர், பாதிச் சந்தில் காற்று. தண்ணீர் நிரம்பாத இந்த மேல் மண்ணைத்தான் கழிவு புதைக்கிறவர்கள் நம்பியிருக்கிறார்கள். கழிவுக்கும் கிணற்றுக்கும் நடுவே நிற்கும் காவல்காரன் அது ஒன்றுதான்.

காவல்காரன் எவ்வளவு உயரம் என்பது இடத்துக்கு இடம் மாறும். கிள்ளான் கரையோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர். கான் வெட்டி, மதகு வைத்து நீரை வடித்தால்தான் செம்பனையின் வேர் மூச்சுவிடும். அப்படிப்பட்ட நிலத்தில் எதைப் புதைத்தாலும் தண்ணீருக்குள் புதைத்த மாதிரிதான். மலை மேட்டிலோ தண்ணீர் மட்டம் வெகு கீழே கிடக்கும்.

நிரம்பாத மண்ணில் தண்ணீர் நகரும் விதமே விசித்திரமானது. குத்துவிளக்கில் திரி எண்ணெயை மேலே இழுக்கிறது அல்லவா? மண்ணும் அப்படித்தான். ஈரமான இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்கு, மேலோ கீழோ பக்கவாட்டிலோ, தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். பூமியின் ஈர்ப்பும் கீழ்நோக்கி இழுக்கும். மண் காயக் காய இந்த ஓட்டம் மந்தமாகிக்கொண்டே போகும். ஏனென்றால் பெரிய சந்துகள்தாம் முதலில் காலியாகின்றன. பெரிய சாலை எல்லாம் மூடிக் கிடக்க ஒற்றையடிப் பாதைகள் மட்டும் திறந்திருந்தால் ஊர்வலம் எப்படி நகரும்? அந்தக் கதைதான். நனைந்த மண்ணில் ஒரு நாளில் கடக்கிற தூரத்தை, நன்றாகக் காய்ந்த மண்ணில் கடக்க ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீரைத் தடுப்பது களிமண், விடுவது ஜல்லிக்கல் என்றுதானே நினைக்கிறோம்? மழையில் ஊறிக் கிடக்கும்போது அது சரி. காய்ந்த நேரத்தில் தலைகீழ்! ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அடியில் சிறு கற்களைப் பரப்பி, அதன்மேல் நைசான மண்ணைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மண் ஊறிக்கொண்டே போகும். கல்லுக்குள் ஒரு சொட்டும் இறங்காது. மேல்மண் வயிறு முட்டக் குடித்த பிறகுதான் கீழே விடும். நைசான மண்ணின் சின்னச் சந்துகள் தண்ணீரைப் பற்றி இழுத்து வைத்துக்கொள்ளும். கற்களின் பெரிய சந்துகளுக்கு அந்த இழுக்கும் சக்தி இல்லை. வீட்டுப் பிள்ளைகள் செய்து பார்க்கக்கூடிய இந்தச் சோதனையை வைத்துத்தான் அமெரிக்காவில் கழிவுக் குழிகளுக்கு மூடி அமைக்கிறார்கள். மேலே நைசான மண், அதில் புல் பூண்டு. அதன் கீழே மணலும் ஜல்லியும். மழையை மேல்மண் குடித்து வைத்துக்கொள்ளும். வெயில் வந்ததும் புல்லின் வேர் அதை உறிஞ்சி ஆகாயத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.

உட்கார இடம் கிடைத்தவர்கள்

தண்ணீர் நகர்ந்தால் போதாது. கழிவும் அதோடு நகர வேண்டும் அல்லவா? இங்கேதான் யூரியா, பொஸ்பேட் கதை வருகிறது.

களிமண் துகளை ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. நேர்மின்னேற்றம் உள்ள சரக்குகள் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தோரியம் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. சாதாரணத் தண்ணீரில் கரைவதும் மிகக் குறைவு. சீசியம் என்ற சரக்கும் அப்படித்தான். 2011இல் ஜப்பானில் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு வயல்களில் மேல்மண்ணை இரண்டு அங்குல அளவுக்குச் சுரண்டி எடுத்தார்கள். அவ்வளவு போதுமாயிருந்ததற்குக் காரணம், சீசியம் மேலேயே களிமண்ணில் ஒட்டிக்கொண்டதுதான்.

டெக்னீஷியம், அயோடின், நைட்ரேட் போன்றவை மண்ணில் எதிர்மின்னேற்றத்தோடு திரிகின்றன. பஸ்ஸில் இவற்றுக்கு இடமில்லை. தண்ணீர் போகிற வேகத்திலேயே இவையும் போகும். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறிய பிறகும் இப்படித்தான் ஓடுகிறது.

அப்படியானால் தோரியத்தைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. தோரியம் தனி ஆளாக இருப்பதில்லை. சிதையச் சிதையப் பிள்ளை குட்டிகளைப் பெறுகிறது. அவற்றில் ஒன்று ரேடியம். அது குணத்தில் சுண்ணாம்புச் சத்துக்கு உறவு. தோரியம் அளவுக்கு மண்ணில் ஒட்டாது. உப்பு மிகுந்த நீர் வந்தால் இடத்தை விட்டு எழுந்துவிடும். இன்னொரு பிள்ளை தோரோன் என்ற வாயு. அது தண்ணீருக்குக் காத்திருக்காமல் காற்றுச் சந்துகள் வழியாகவே மேலே வரும். நல்ல வேளையாக அதன் ஆயுள் அற்பம். 56 விநாடிக்குள் பாதி அழிந்துவிடும். ஆகவே சில அடி மண் போட்டு மூடினால் வெளியே வருமுன்பே அதன் கதை முடிந்துவிடும். திறந்த வெளியில் போட்டு வைத்தால் அப்படி முடியாது.

தோரியமே கூட, புளிப்பான நீரில் கரைந்து நடமாடத் தொடங்கும். ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் என்ன நடக்கிறது என்று பார்த்த கைகளுக்கு, ஆசிட் எதையும் மாற்றிவிடும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அமெரிக்கா கற்ற பாடம்

மண்ணை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹான்போர்டு சாட்சி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1943இல் அணுகுண்டுக்காகத் தொடங்கிய இடம் அது. 177 பெரிய தொட்டிகளில் ஐந்தரைக் கோடி காலனுக்கு மேல் கழிவு. அவற்றில் 67 தொட்டிகள் ஒழுகியவை, அல்லது ஒழுகியிருக்கும் என்று சந்தேகிக்கப்படுபவை. சுமார் பத்து லட்சம் காலன் மண்ணுக்குள் போய்விட்டது.

தொடக்கத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அது வறண்ட பூமி. ஆண்டு முழுவதும் சேர்ந்து ஏழு அங்குல மழைதான். தொட்டிகள் இருந்த மேட்டில் நிலத்தடி நீர் 200 அடிக்கும் கீழே. ‘இத்தனை அடி காய்ந்த மண்ணைத் தாண்டி எது போய்விடும்?’ என்று இருந்தார்கள். 1990களில் தோண்டிப் பார்த்தபோது கழிவு நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டிருந்தது.

எங்கே கணக்குத் தப்பியது? சீசியம் உட்கார்ந்துவிடும் என்று நம்பினார்கள். ஆனால் அந்தக் கழிவில் சோடியம் உப்பு அளவுக்கு மீறி இருந்தது. ஏறிய கூட்டமெல்லாம் சோடியம். பஸ்ஸில் உட்கார இடம் ஏது? இடமில்லாத சீசியம் எதிர்பார்த்ததை விட ஆழத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். தொட்டிகளைச் சுற்றிப் புல் முளைக்காமல் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தார்கள். குடிக்க வேரில்லை, பிடித்து வைக்க மேல்மண்ணில்லை. பெய்த கொஞ்ச மழையும் நேரே கீழே இறங்கிற்று. தண்ணீர்க் குழாய்களின் ஒழுகலும் சேர்ந்துகொண்டது.

ஏழு அங்குல மழைக்கே இப்படி என்றால் நம் நாட்டை நினைத்துப் பாருங்கள். நமக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 100 அங்குலம்! ஏறக்குறைய பாதியை மரமும் செடியும் வெயிலும் ஆவியாக்கிவிட்டாலும், மிச்சமே ஹான்போர்டு காணாத வெள்ளம்.

நம் மண்ணில் மற்றொரு குறுக்கு வழியும் உண்டு. பட்ட மரத்தின் வேர் மக்கிய துளை, கறையான் வழி, மண்புழு வழி, வெயிலில் களிமண் பிளந்த வெடிப்பு. பெருமழை வரும்போது தண்ணீர் இந்த வழிகளில் சர்ரென்று இறங்கிவிடும். களிமண் பஸ்ஸில் ஏறி உட்கார நேரமே கிடைக்காது. ஆய்வுக்கூடத்தில் ஒரு டின் மண்ணை வைத்துப் போட்ட கணக்கு, காட்டு மண்ணில் பொய்த்துப் போவது இதனால்தான்.

பள்ளமும் வழக்கும்

இப்போது பாப்பானுக்குத் திரும்புவோம். 1984 செப்டம்பரில் அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர்கள் வந்து பள்ளங்களைப் பார்த்தார்கள். அவை பாதுகாப்புக்குப் போதா என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டின் கடைசியில் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகப் பேராசிரியர் சடாவ் இச்சிகாவா புக்கிட் மேராவுக்கு வந்தார். ஆலையைச் சுற்றி அளந்து பார்த்து, கதிரியக்கம் அனுமதித்த அளவைத் தாண்டியிருப்பதாகக் கூறினார். 1985 ஜனவரியில் அமைச்சரவை பாப்பானைக் கைவிட்டு, கிளேடாங் மலைத்தொடருக்குக் கிடங்கை மாற்ற முடிவு செய்தது. ஆறு மாதத்துக்கு மேல் ‘பயப்படாதீர்கள்’ என்று கேட்ட ஜனங்களுக்கு, பயந்தது சரிதான் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் ஆலையிலேயே கழிவு கிடந்ததே? 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா வாசிகள் எட்டுப் பேர் தங்களுக்காகவும் ஊருக்காகவும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் ஆலைக்கு மீண்டும் அனுமதி கொடுத்தது. செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அடுத்த மாதமே ‘ஓப்பராசி லாலாங்’ கைது அலை. நூற்றுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டார்கள். புக்கிட் மேரா போராட்டக்காரர்கள் சிலரும், அவர்களுக்காக வாதாடிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் அதில் அடக்கம். தண்ணீரும் காற்றும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்ட பெண்மணி நாட்டுப் பாதுகாப்புக்கு என்ன ஆபத்து செய்திருப்பார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

1992 ஜூலை 11ஆம் தேதி நீதிபதி பெ சுவீ சின் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆலையை மூட உத்தரவிட்டார். 1993 டிசம்பர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிவிட்டது. குழந்தைகளுக்கு வந்த இரத்தப் புற்றுநோய்க்கும் கருச்சிதைவுகளுக்கும் ஆலைதான் காரணம் என்று ஊர் மக்கள் சொன்னார்கள். சம்பந்தமில்லை என்று கம்பெனி சொன்னது. வழக்கில் தோற்றவர்கள் மக்கள். ஆனால் 1994 ஜனவரியில் மூடியது ஆலை.

மலைக்குள் போன கழிவு

மூடிய பிறகுதான் உண்மையான செலவு ஆரம்பம். ஆலையை இடித்தார்கள். அதன் அடிமண்ணையும் தோண்டினார்கள். சில இடங்களில் 25 அடி வரை, பாறை தட்டும் வரைக்கும்! பத்துப் பதினைந்து ஆண்டு மழையில் அசுத்தம் எவ்வளவு ஆழம் போகக்கூடும் என்று அஞ்சினார்கள் என்பதற்கு இந்த 25 அடியே அளவுகோல். 2011 வரையில் மட்டும் 11,000 லாரி நடை அள்ளியாயிற்று. அதற்கும் மேல் 80,000 இரும்புப் பீப்பாய்க் கழிவு. மொத்தச் செலவு பத்துக் கோடி அமெரிக்க டாலர், அன்றைய கணக்கில் சுமார் 30 கோடி வெள்ளி, என்று நியூயார்க் டைம்ஸ் எழுதிற்று. செலவை ஏற்றது மிட்சுபிஷி.

எங்கே கொண்டு போனார்கள்? மூன்று மைலுக்கு அப்பால் கிளேடாங் காட்டில் ஒரு குன்றின் தலையைச் சீவி, அதன் வயிற்றுக்குள் வைத்தார்கள். பீப்பாய்க் கழிவைச் சிமெண்டும் ஜிப்சமும் கலந்து கெட்டியாக்கித்தான் வைப்பது என்று ஏற்பாடு. மேலே 20 அடிக்கு மேல் களிமண்ணும் கருங்கல்லும். இதுவரை படித்து வந்தவர்களுக்கு இப்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும். குன்றின் உச்சி எதற்கு? நிலத்தடி நீர் வெகு கீழே இருக்கும். விழும் மழை தேங்காமல் சரிந்து ஓடும். சிமெண்ட் எதற்கு? அது புளிப்புக்கு எதிரி, தோரியத்தைக் கரையவிடாது. களிமண் எதற்கு? தண்ணீரை மறிக்க, தப்பியதைப் பிடித்து உட்காரவைக்க. இத்தனை கனம் எதற்கு? தோரோன் வெளியே வருமுன் சாக. வேரும் விலங்கும் மனிதனும் தோண்டி எட்டாதிருக்க.

களிமண் என்றதும் நம் பிரிக்பீல்ட்ஸ் ஞாபகம் வருகிறது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை வாரிக்கொண்டு போன பிறகு, செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். செங்கல் சூளைகளுக்குக் களிமண் கொடுத்த இடமாதலால் அதற்குச் செங்கல் வயல் என்று ஆங்கிலத்தில் பெயர் நிலைத்தது. அன்று வீட்டுச் சுவருக்குத் தோண்டிய அதே ஜாதிப் பொருள்தான் கிளேடாங் குன்றில் தோரியத்துக்குக் காவல் நிற்கிறது. ஐந்து காசு பெறாத களிமண்ணுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

பாப்பானில் வெட்டிய பள்ளத்துக்கும் கிளேடாங் குன்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். முன்னதில் கழிவைப் புதைப்பது மட்டும் நோக்கம். பின்னதில் தண்ணீரை அண்டவிடாமல் இருப்பது நோக்கம். கையெழுத்துப் போட்ட அந்த 6,700 பேர் இல்லையென்றால் பள்ளத்தோடு காரியம் முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நமக்கு அருகில்

இது பேராக் கதை என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். காஜாங்கை அடுத்த பாங்கியில் நாட்டின் ஆராய்ச்சி அணு உலை 1982 ஜூன் 28ஆம் தேதி முதல் உயிர் பெற்றது. ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படுத்தித் தீர்ந்த கதிரியக்கப் பொருள்கள் அங்கேதான் வந்து சேர்கின்றன. அளவில் இவை சிறியவை. இவற்றைக் கெட்டியான உறையில் அடைத்து, ஆழமான குறுகிய துளைக்குள் இறக்கி மூடும் திட்டத்துக்குச் சர்வதேச முகமை தேர்ந்த முன்னோடி நாடுகளில் கானாவும் மலேசியாவும் உண்டு.

பெரிய கேள்வி கிழக்குக் கரையில் இருக்கிறது. குவாந்தான் பக்கம் கெபெங்கில் 2012இல் லைனாஸ் ஆலை ஓடத் தொடங்கியது. தாது ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அரிய மண் வெளியே போகிறது. தோரியம் கலந்த கழிவு குவிகிறது. பழைய கதையின் புதிய பதிப்பு போலத் தோன்றினாலும் இரண்டும் ஒன்றல்ல. லைனாஸ் கழிவில் தோரியத்தின் செறிவு புக்கிட் மேராக் கழிவை விட வெகு குறைவு. ஆனால் அளவோ மலை மலையாக. நிரந்தரக் கிடங்குக்கு முதலில் புக்கிட் கெத்தாம் காட்டைப் பார்த்தார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி என்று ஆட்சேபம் எழவே, கெபெங் தொழிற்பேட்டையிலேயே அமைப்பதென்று மாற்றினார்கள்.

கெபெங் கடலோரத் தாழ்நிலம், சதுப்பு பூமி. கிள்ளான் கரையோரத் தோட்டத்தில் கான் வெட்டியவர் எவரும் அந்த மண்ணைப் பார்த்த மாத்திரத்தில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கழிவின் அடிக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது, பெருமழைக் காலத்தில் அது எத்தனை அடியாகக் குறையும்? தாழ்நிலத்தில் கட்டுகிறவர்கள் தரையை உயர்த்தி, அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, கசிவு நீரைக் குழாயில் பிடித்து, சுற்றிலும் சோதனைக் கிணறுகள் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் விரிப்புக்கு ஆயுள் நூறு ஆண்டோ சில நூறு ஆண்டோ. தோரியத்துக்கு 1,400 கோடி. சோதனைக் கிணற்றில் மாதாமாதம் வாளி இறக்கிப் பார்க்கிற வேலை, அந்தக் கம்பெனி இருக்கும் வரைக்குமா, அதற்குப் பிறகுமா? பிறகு என்றால் யார் சம்பளத்தில்?